தியோவுக்கு ஏன் போர்வை? ஸ்பெயினின் காத்தலோனியா பகுதிக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

தங்கச்சி, மகள் பள்ளியிலிருந்து வந்த சீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் நாள் நெருங்குகிறது. "தியோவுக்கு ஒரு பழைய போர்வை கொடுத்தனுப்பவும்" என்று இருந்ததைப் பார்த்து, வகுப்பில் யாரோ வசதியில்லாத பையன் போல என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். தியோ பையன் இல்லை, மரக்கட்டை. ஒரு முனையில் சிரித்த முகம் வரைந்து, முன்னால் இரண்டு குச்சியைக் கால் மாதிரி நட்டு, தலையில் பரெத்தினா என்கிற சிவப்புத் தொப்பியை மாட்டியிருப்பார்கள். டிசம்பர் 8 வாக்கில் வகுப்புக்கு வந்துவிடும். அன்றிலிருந்து பிள்ளைகள் அதற்கு ஆரஞ்சுத் தோல், பிஸ்கட், ரொட்டித் துண்டு என்று வைத்து ஊட்டுவார்கள். காலையில் வந்து பார்த்தால் சாப்பாடு காலி (யார் எடுத்தார்கள் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்). குளிரக்கூடாது என்பதற்குத்தான் போர்வை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவோ அன்றைக்கோ வீடுகளில், அதற்குமுன் விடுமுறை விடும் வாரத்தில் பள்ளிகளில், எல்லாப் பிள்ளைகளும் குச்சியை எடுத்து அந்தக் கட்டையை அடிஅடியென்று அடித்துக்கொண்டே பாடுவார்கள்: ஹேசல்நட் போடு, துரோன் மிட்டாய் போடு, கருவாட்டு மீன் மட்டும் போடாதே, உப்புக் கரிக்கும். 'போடு' என்று நான் நாகரிகமாக எழுதுகிறேன், அசல் சொல் காகா, மலம் கழி என்று அர்த்தம். பாடுவதற்குக் கொஞ்சம் முன்னால் குச்சியைச் சூடுபண்ணிக்கொண்டு வா என்று பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் போர்வைக்கு அடியில் பரிசுகளைத் தள்ளிவிடுவார்கள். முகம் சுளிக்காதீர்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம். இயேசு பிறந்த குடிலிலேயே ஒரு மூலையில் கால்சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் காகானேர் என்ற பொம்மையை வைப்பார்கள். பார்சிலோனா கதீட்ரலுக்கு முன்னால் டிசம்பரில் நடக்கும் சாந்தா யூசியா சந்தையில் கால்பந்து வீரர், அரசியல்வாதி என்று யார் உருவத்தில் வேண்டுமானாலும் அதை வாங்கலாம்.

போர்வை பழசே போதும். பாட்டை மட்டும் மகளிடம் கேட்டு நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஊர் மொழியான காத்தலானின் ஏவல் வினை, உணவுப் பெயர், 'செய்யாதே' என்று எதிர்மறையாகச் சொல்வது, எல்லாம் அந்த நாலு வரியிலேயே வந்துவிடும். அடிப்படை வகுப்புப் புத்தகத்தில் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஸ்பானிஷ் போதாதா என்று கேட்டீர்கள். கடைக்கும் வங்கிக்கும் போதும். பள்ளிச் சீட்டு, பெற்றோர் வாட்ஸப் குழு, நகராட்சி அறிவிப்பு எல்லாம் காத்தலானில்தான் வரும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சிக்கல் என்னவென்றால், நம் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். ஒதுக்குவதற்காக இல்லை, மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். "அஸ்தீக் அப்ரனென் கதலா", அதாவது காத்தலான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் திரும்பி வருவார்கள், ஆனால் ஐந்து நிமிடத்தில் மறந்துபோய் மறுபடி மாறிவிடுவார்கள். பண்டிகையில் அந்தத் தொல்லை இல்லை. பாட்டையும் கூச்சலையும் கட்டளையையும் உங்களுக்காக யாரும் மொழி மாற்ற முடியாது. அதனால் பாடத்தில் வரும் பண்டிகைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, கையில் ஏதாவது வேலை கொடுக்கிற பண்டிகையாகப் பார்த்துப் போங்கள் என்பதுதான் என் யோசனை.

அந்தக் கணக்கில் பார்த்தால் சான் ஜோர்டி பண்டிகை எனக்கு இரண்டாம் பட்சம்தான். ஏப்ரல் 23, தெருவெல்லாம் புத்தகமும் ரோஜாவுமாக அவ்வளவு அழகாக இருக்கும், ஒவ்வொரு ரோஜாவோடும் ஒரு கோதுமைக் கதிரைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இவ்வளவுக்கும் அன்றைக்கு அரசு விடுமுறை கிடையாது, எல்லாரும் வேலைக்கு நடுவில் ஓடிவந்து வாங்கிப் போவார்கள். கட்டாயம் போங்கள், மகளுக்கு ஒரு காத்தலான் படப் புத்தகம் வாங்குங்கள். ஆனால் வாயே திறக்காமல் முழு நாளும் சுற்றிவிட்டு வரலாம்.

ஜனவரி 5 மாலை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலம், மிட்டாய் வீசுவார்கள், பை எடுத்துப் போங்கள். மறுநாள் தோர்தெல் என்ற வளையக் கேக்கில் ஒரு ராஜா பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சைக்கொட்டையும் ஒளிந்திருக்கும், ராஜா கிடைத்தவருக்குக் கிரீடம், கொட்டை கிடைத்தவர் கேக்குக்குக் காசு கொடுக்க வேண்டும். மெதுவாகக் கடியுங்கள்.

நீங்கள் சைவம் என்றதால் ஒன்று. டிசம்பர் 26 சான் எஸ்தேவ அன்று யாராவது வீட்டுக்கு அழைத்தால் கனலோன்ஸ் என்ற பாஸ்தாச் சுருள் வைப்பார்கள், பெரும்பாலும் முந்தின நாள் மிஞ்சிய இறைச்சியை அரைத்து உள்ளே வைத்தது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோகா என்ற தட்டையான இனிப்பு ரொட்டி வாங்கும்போது யார்தோன்ஸ் என்று பெயரில் இருந்தால் அதில் பன்றிக் கொழுப்புப் பொரியல் இருக்கும், பழம் வைத்த கோகாவிலும் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்குத் தோதானது கல்சோத்தாதா. குளிர்காலக் கடைசியில், முக்கியமாக வால்ஸ் பக்கம், நீளமான ஒருவகை வெங்காயத்தைத் தீயில் மேல்தோல் கருகும்வரை சுட்டு, கூரை ஓட்டின்மேல் அடுக்கிக்கொண்டு வருவார்கள். கருந்தோலை ஒரே இழுவையில் உருவி, பாதாம், தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய் அரைத்த சாஸில் தோய்த்து, தலையை அண்ணாந்து வாயில் இறக்க வேண்டும். கழுத்தில் துணி கட்டிவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஜூன் 23 இரவு சான் ஜோவான். நம் போகி மாதிரி பழைய மரச்சாமான்களைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள், ஆனால் பட்டாசுச் சத்தம் விடியும்வரை ஓயாது. மறுநாள் விடுமுறை. செப்டம்பர் 11 வேறு மாதிரி. 1714இல் அந்தத் தேதியில்தான் பார்சிலோனா ஸ்பெயின் மன்னரின் படையிடம் வீழ்ந்தது, தோற்ற நாளைத்தான் தேசிய நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று தனிநாடு வேண்டுமா என்ற அரசியல் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்து சொல்ல அவசரம் வேண்டாம், ஒரே வீட்டுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருக்கும்.

கடைசியாக, ஒரே ஒரு விஷயத்தில்தான் சேரலாம் என்றால் எதில் என்று கேட்டீர்களே, கஸ்தேல்ஸில் சேருங்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் மனிதக் கோபுரம், 2010இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. உங்கள் ஊரான தெராசாவில் இதற்கு இரண்டு குழு இருக்கிறது. அதில் மின்யோன்ஸ் 1998இல் பத்து மாடிக் கோபுரத்தை ஏற்றிப் பத்திரமாக இறக்கியவர்கள். பயப்படாதீர்கள், உங்களை யாரும் மேலே ஏறச் சொல்ல மாட்டார்கள். அடியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குப் பின்யா என்று பெயர், அதற்கு எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும். முன்னால் நிற்பவரின் முதுகோடு நெஞ்சு ஒட்ட வேண்டும், கை இரண்டையும் நீட்டி முன்னால் கொடுக்க வேண்டும், தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், மேலே பார்க்கவே கூடாது. மேலே என்ன நடக்கிறது என்பது நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தமான கிராயா என்ற ஊதுகருவியின் இசையை வைத்துத்தான் தெரியும். உச்சியில் ஏறிய குழந்தை கையைத் தூக்கியதும் இசை மாறும். அப்போது கைதட்டிவிடாதீர்கள், எல்லாரும் பத்திரமாக இறங்கினால்தான் கோபுரம் முழுமை, இறங்கும்போதுதான் பாரம் ஆடும்.

நான் சபதெல்லில் இருக்கிறேன், இங்குள்ள குழுவின் பயிற்சிக்குப் போய்த்தான் எனக்கு மேலே, கீழே, தோள், முதுகு, இறுக்கு, அசையாதே எல்லாம் வாயில் படிந்தது. முதல் நாளே ஒரு பாட்டியம்மா ஃபாஷா என்ற நீளக் கருப்புத் துணியின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றிச் சுற்றி வரச் சொல்லி இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வார்த்தை தெரியாமல் நின்றேன், அவரே முகத்தைப் பார்த்து ஒரு சுற்றைத் தளர்த்தினார். அவருக்கு இன்றுவரை என்னிடம் ஸ்பானிஷ் பேசத் தோன்றியதில்லை.

கோபுரம் கட்டும் பருவம் ஏறக்குறைய நவம்பரோடு முடிந்துவிடும், புத்தாண்டுக்கு அப்புறம் பயிற்சி மறுபடி தொடங்கும். பெரும்பாலும் வாரநாள் இரவில் இருக்கும், புதியவர்கள் சும்மா போய் நின்றாலே கூப்பிட்டுக்கொள்வார்கள். துப்பட்டா, வளையல், மோதிரம், காதில் தொங்கல் எதுவும் வேண்டாம், பின்னால் பை உள்ள ஜீன்ஸும் சரிப்படாது. மகளைப் பார்த்ததும் மேலே ஏற்றலாமா என்று ஆசையாகக் கேட்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் உண்டு. உங்களுக்கு மனசில்லை என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.