எரிவாயு உலையில் சுடர் மங்கலாகத் தெரிந்தால் கதிர்வீச்சு வெப்பம் குறைவு என்று பொருளா?

எண்ணெய் உலையை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் சுடரைக் காணாமல் கவலைப்பட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே சந்தேகத்தால் என் பொறுப்பிலிருந்த உலையில் ஒரு மாத உழைப்பு வீணானது.

மஞ்சள் நிறம், எண்ணெய்ச் சுடரில் மிதக்கும் கரித்துகள்கள் ஒளிர்வதால் வருவது. எரிவாயுச் சுடரில் அவை மிகக் குறைவு. ஆனால் எரிதலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் 2.7, 4.3, 6.3 மைக்ரான் அலைநீளங்களை ஒட்டிய அகச்சிவப்புப் பட்டைகளில் வலுவாகக் கதிர்வீசுகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் உலைச்சுவர், அதை எல்லா அலைநீளங்களிலும் பரப்பித் திருப்பி வீசுகிறது.

எங்கள் உலை, பில்லெட்டுகள் எனப்படும் நீண்ட எஃகுக் கட்டிகளை 1200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குவது. அதையும் எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றிய பின் பில்லெட்டுகள் உள்ளே வேகாமல் வெளிவந்தன. சுடரில் வலு இல்லை என்று நினைத்துக் காற்றை மேலும் மேலும் திறந்தோம். புகைபோக்கியில் ஆக்சிஜன் 7 சதவீதத்துக்கு ஏறியது. கூடுதலாக வந்த நைட்ரஜன் கதிர்வீசாது. தான் சூடேறி அந்த வெப்பத்தைப் புகைபோக்கி வழியே கொண்டுபோகும், சுடரின் வெப்பநிலையையும் இறக்கிவிடும். கதிர்வீச்சோ தனிவெப்பநிலையின் (கெல்வினில் அளப்பது) நான்காம் அடுக்கைப் பொறுத்தது: 1000 டிகிரியிலுள்ள பரப்பு 1200 டிகிரிக்கு ஏறினால், வீசும் ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகும். இறங்கினாலும் இழப்பு அதே அளவுதான்.

கடைசிப் பகுதியின் கூரையில் இருந்த தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரி 1200 காட்டியதால் நம்பியிருந்தோம். அது பார்ப்பது சுவரையும் வாயுவையும், பில்லெட்டை அல்ல. மூத்த உலைத் தொழிலாளி ஒருவர்தான் என்னைப் பார்வைத் துளைக்கு அழைத்துச் சென்று, சுவரின் ஒளிக்கு முன்னால் பில்லெட்டின் விளிம்பு கறுத்துத் தெரிவதைக் காட்டினார். பில்லெட்டின் மேற்பரப்பும் சுவரும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் அந்த விளிம்பே கண்ணுக்குப் பிடிபடாது. எரிதல் முழுமையாகாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடைக் கண்காணித்தபடி காற்றைப் படிப்படியாகக் குறைத்து, ஆக்சிஜனை 2.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தோம். சில நாட்களில் விளிம்பு மறைந்தது.

வெப்பச்சலனத்தை, அதாவது ஓடும் சூடான வாயு தொட்டுத் தரும் வெப்பத்தை, நான் விட்டுவிட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். தாழ்ந்த வெப்பநிலை உலைகளில் அது முக்கியம் என்பதை மறுக்கவில்லை. 1200 டிகிரியில் பில்லெட்டைச் சூடாக்குவதில் பெரும்பங்கு கதிர்வீச்சுக்கே.

பின்னர் நிர்வாகம் தயாரித்த அறிக்கையில் ஆக்சிஜன் அளவுகள் எல்லாம் இடம்பெற்றன. அந்தத் தொழிலாளி காட்டிய விளிம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.