இங்கிலாந்தின் ஆல்ம்ஸ்ஹவுஸ்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: ஆல்ம்ஸ்ஹவுஸ் என்பது நம் ஊர் சத்திரம் மாதிரிதானே?

பதில்: பாதி சரி. சத்திரத்தில் வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆல்ம்ஸ்ஹவுஸுக்குள் போகிறவர் பெரும்பாலும் கடைசிவரை அங்கேதான். உழைக்கத் தெம்பில்லாத கிழவர், விதவை, பழைய சிப்பாய் போன்றவர்களுக்காக யாரோ ஒரு பணக்காரர் கட்டி, அதை நடத்த நிலமும் எழுதிவைத்த வீடுகள் இவை. ஓடு மாற்றுவது, கணப்புக்குக் கரி, கைச்செலவுக்குக் காசு எல்லாம் அந்த நிலத்து வருமானத்தில்தான் நடந்தது.

கேள்வி: நிறைய இடங்களுக்கு 'ஹாஸ்பிடல்' என்று பெயர் இருக்கிறதே, வைத்தியம் பார்த்தார்களா?

பதில்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வந்தவரை ஏற்று உபசரிக்கும் இடம் என்பதுதான் பழைய பொருள். மருந்து, ஊசி எல்லாம் அந்தச் சொல்லில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. வாரிக் நகரில் ராபர்ட் டட்லி 1571இல் முதிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியதும் ஹாஸ்பிடல்தான்.

கேள்வி: கட்டடக்கலை மாணவி நான். இவற்றுக்கென்று தனி அமைப்பு உண்டா, இல்லை கிடைத்த இடத்தில் கட்டினார்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆரம்பகால ஆல்ம்ஸ்ஹவுஸ் பல இடங்களில் மடத்து நோயாளிக் கூடத்தின் நகல்தான்: ஒரே நீள மண்டபம், இரு ஓரமும் படுக்கை, கிழக்குக் கோடியில் வழிபாட்டிடம், எழ முடியாதவரும் படுத்தபடியே பூசை கேட்கலாம். சிசெஸ்டரில் செயின்ட் மேரீஸ் ஹாஸ்பிடலுக்குப் போனால் இது அப்படியே கண்ணில் படும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மண்டபம், செங்குத்தான ஒரே கூரை இரு பக்கமும் தாழ இறங்கும். 17ஆம் நூற்றாண்டில் இதை இடிக்காமல், மண்டபத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிச் சின்னச் சின்ன வீடுகளாகத் தடுத்து, கணப்பு வைத்து, பருத்த செங்கல் புகைபோக்கிகளைக் கூரையைத் துளைத்து மேலே விட்டார்கள். மண்டபத்துக்குள் நின்றால் இரு பக்கமும் வாசல் கதவுகள். தெருவுக்குக் கூரை போட்டது போல இருக்கும்!

அடுத்த வகை முற்றம் வைத்தது. ஆக்ஸ்போர்டுஷயரில் யூவெல்ம் என்ற சிற்றூரில், கவிஞர் சாசரின் பேத்தி ஆலிஸும் அவர் கணவர் வில்லியம் டி லா போலும் 1437இல் அரச அனுமதி பெற்றுத் தொடங்கியது, 13 ஏழைகளுக்காக. நடுவில் முற்றம், சுற்றிலும் நனையாமல் நடக்க நடை, அந்தப் பக்கத்தில் செங்கல் அபூர்வமாக இருந்த காலத்திலேயே செங்கல்.

அப்புறம் வெளியே பார்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். லண்டன் மைல் எண்டில் டிரினிட்டி கிரீன், 1695, நொடித்துப்போன கப்பல் தலைவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் 28 வீடுகள்: எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் புல்வெளி, கோடியில் தேவாலயம், தெருவோர முகப்பின் உச்சியில் குட்டிக் கப்பல் பொம்மைகள். தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும், தருமம் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் அந்த அமைப்பு.

உங்களுக்கு ஒரு யோசனை: எந்த ஆல்ம்ஸ்ஹவுஸுக்குப் போனாலும் முதலில் புகைபோக்கிகளை எண்ணுங்கள். பொதுக்கூடம் உடைந்து ஆளுக்கொரு கணப்பு, ஆளுக்கொரு கதவு என்று மாறிய கதை அங்கேதான் இருக்கிறது. அலங்கார வளைவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஏன் 13 பேர்?

பதில்: இயேசுவும் 12 சீடர்களும். பல இடங்களில் இந்தக் கணக்கு உண்டு.

கேள்வி: 16ஆம் நூற்றாண்டில் அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது இவை எப்படித் தப்பின?

பதில்: நிறைய தப்பவில்லை. அதுவரை ஏழைகளுக்கு வேலையே நிறுவியவரின் ஆன்மா கரையேறத் தினமும் ஜெபிப்பதுதான், ஒருவகையில் அதுவே வாடகை. 1547இல் இறந்தவருக்கான ஜெப நிறுவனங்களையும் சட்டம் போட்டு மூடினார்கள். ஏழையைக் காப்பதே எங்கள் முதல் வேலை என்று நிலைநாட்ட முடிந்த சில பிழைத்தன. பிறகு புராட்டஸ்டன்ட் பணக்காரர்கள் புதிதாகக் கட்டினார்கள். பேராயர் விட்கிஃப்ட் 1596இல் கிராய்டனில் தொடங்கியது இன்று கடைத்தெரு நடுவே, டிராம் ஓடும் சாலை ஓரத்தில் நிற்கிறது.

கேள்வி: இதுவும் வொர்க்ஹவுஸும் ஒன்றுதானே?

பதில்: ஐயோ, இல்லை. வொர்க்ஹவுஸ் என்பது ஏழைகளை வேலை வாங்கித் தங்கவைத்த பொது விடுதி. 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு வந்தவற்றில் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். வேறு வழியே இல்லாதவன் மட்டும் வரட்டும் என்று வேண்டுமென்றே கடுமையாக வைத்தார்கள். ஆல்ம்ஸ்ஹவுஸிலும் விதிகள் உண்டு, ஜெபத்துக்கு வந்தாக வேண்டும், குடித்துக் கூத்தடித்தால் வெளியே. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தனக்கென்று ஒரு வீடு உண்டு.

கேள்வி: சொத்தை நிர்வாகிகள் சுருட்டவில்லையா?

பதில்: சுருட்டாமலா! வின்செஸ்டர் நகரின் செயின்ட் கிராஸ் ஆல்ம்ஸ்ஹவுஸில் கில்ஃபோர்ட் பிரபு தலைவராக இருந்தார். 1808இல் நியமித்தவர் அவருடைய அப்பா, அதே ஊர் பிஷப். பல பத்தாண்டுகள் வருமானத்தின் பெரும்பகுதி அவருக்கே போக, விஷயம் நீதிமன்றம் ஏறி 1853இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

கேள்வி: இந்தியாவோடு தொடர்பு ஏதாவது?

பதில்: உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1620களிலேயே லண்டன் பாப்லரில் தன் பழைய மாலுமிகளுக்காக ஒன்று நடத்தியது. மாலுமிகளின் வீடுகள் போய்விட்டன, 1654இல் கம்பெனி கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது.

கேள்வி: இன்னும் யாராவது வசிக்கிறார்களா? போய்ப் பார்க்கலாமா?

பதில்: நாடு முழுக்க 35,000க்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். அதனால் ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள், அது ஒருவர் சமையலறை. உள்ளே எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் லண்டன் ஷோர்டிச்சில் 1714இல் கட்டிய ஜெஃப்ரி குடியிருப்பு இப்போது அருங்காட்சியகம். இதைக் கட்டப் பணம் எழுதிவைத்துவிட்டு இறந்த ஜெஃப்ரிக்கு அடிமை வணிகத்திலும் பங்கு இருந்தது, அவர் சிலையை எடுக்கலாமா வேண்டாமா என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் செயின்ட் கிராஸ். 1130களில் பிஷப் ஹென்றி தொடங்கியது, கறுப்பு அங்கியும் சிவப்பு அங்கியும் அணிந்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாசல்காரரிடம் வழிப்போக்கர் பங்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும். எனக்கு ஒரு துண்டு ரொட்டியும், கொம்பில் செய்த சின்னக் குவளையில் ஒரு மடக்கு பியரும் கொடுத்தார்கள். ரொட்டி இரண்டு வாய்க்கு வரவில்லை. பசியோடு போகாதீர்கள்.