8 ஜிபி 2400 ரேமுடன் வேறு நிறுவனத்தின் 16 ஜிபி 3200 ரேமைச் சேர்த்துப் போடலாமா?

கேள்வியைக் கேட்டிருப்பவர் அம்பாசமுத்திரத்தில் கல்யாணப் பத்திரிகையும் பிளக்ஸும் வடிவமைக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறார். அவருடைய கணினியில் ஐ3-8100 ப்ராசசர், எச்310 மதர்போர்டு, டிடிஆர்4-2400 வகையில் (2400 என்பது ரேமின் வேகம்) 8 ஜிபி ரேம் ஒன்று இருக்கின்றன. இரண்டாவது ஸ்லாட் காலி. போட்டோஷாப்பையும் கோரல்டிராவையும் ஒன்றாகத் திறந்தால் கணினி திணறுகிறது. ஜங்ஷன் பக்கத்துக் கடையில் வேறு நிறுவனத்தின் 16 ஜிபி 3200 ரேம் கிடைக்கிறது. உள்ளூர் மெக்கானிக்கோ, 'வேற கம்பெனி ரேமைச் சேத்தா போர்டு போயிரும்' என்கிறார். பாளையங்கோட்டையில் அச்சகங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் கணினி பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சேர்க்கலாம்; போர்டு போகாது. ரேம் பட்டையில் எஸ்பிடி என்னும் சிறு சிப் ஒன்று உண்டு. அந்தப் பட்டை எந்த வேகத்தில், எவ்வளவு கால இடைவெளியில் இயங்கும் என்ற விவரமெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கணினியை இயக்கியவுடன், அதை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் இரண்டு பட்டைகளின் விவரங்களையும் படித்து, ப்ராசசரும் இரண்டு ரேம்களும் ஒருசேரத் தாங்கக்கூடிய வேகத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டும். மேலே ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் பெயருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. சேரவே சேராதது தலைமுறை மாறிய ரேம்தான்: டிடிஆர்3-க்கு 240 கால்கள், டிடிஆர்4-க்கு 288 கால்கள், டிடிஆர்5-க்கும் 288 கால்கள்தான் என்றாலும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்காது.

உங்கள் கணினியில் அந்த வேகம் 2400-தான். ஐ3-8100-க்குள் ரேமை இயக்கும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் அதற்கு மேல் போகாது. எச்310 போர்டிலும் அதை உயர்த்த வழியில்லை. 3200 என்பது பெட்டியில் இருக்கும் எண்ணாகவே நின்றுவிடும். இதனால் நட்டம் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. சாதாரண 3200 ரேமின் சிஎல் (கேட்ட தரவைத் தரத் தொடங்குவதற்கான தாமதம்) 22 என்று போட்டிருப்பதைப் பார்த்து, சிஎல் 17 உள்ள பழைய 2400 ரேமை விட அது மெதுவானது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த எண்கள் கடிகாரத் துடிப்புகளைக் குறிக்கின்றன, நேரத்தை அல்ல. 3200-இல் 22 துடிப்பு என்பது 13.75 நானோ நொடி. 2400-இல் 17 துடிப்பு என்பது ஏறத்தாழ 14.2 நானோ நொடி. புதிய ரேமை 2400-க்கு இறக்கினால் அதற்கு 16.5 துடிப்பு தேவைப்படும். அரைத் துடிப்பு கிடையாது என்பதால் பயாஸ் அதை 17 என்று வைத்துக்கொள்ளும். ஆக, இரண்டும் ஒரே அளவில் வந்து பொருந்திவிடுகின்றன.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கேமிங் ரேம் என்று அலுமினிய உறையுடன் விற்கப்படுபவற்றில் பல, பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் கூடுதல் வேக அமைப்பை இயக்கி 1.35 வோல்ட் கொடுத்தால்தான் 3200-ஐத் தொடும். அந்த அமைப்பு இல்லாதபோது அவற்றின் இயல்பான வேகம் 2133 ஆகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டதை உங்கள் போர்டில் செருகினால் பழைய 2400 ரேமும் அதோடு சேர்ந்து 2133-க்கு இறங்கிவிடும். பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்றாலும், 3200-க்குக் காசு கொடுத்து 2133-ஐ வாங்கி வருவானேன்? பட்டையின் லேபிளில் 'பிசி4-3200ஏஏ' என்றும் 1.2 வோல்ட் என்றும் அச்சிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்த எழுத்துகளை அடுத்து வரும் கோட்டுக்குப் பின்னால் 'யூ' இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே 'ஆர்' இருந்தால் அது சர்வரிலிருந்து கழற்றிய ரேம். விலை மலிவாக இருக்கும், ஸ்லாட்டிலும் இறங்கும், ஆனால் கணினி உயிர் பெறாது.

8-உம் 16-உம் அளவில் ஒவ்வாதவை என்பதற்காக டூயல் சேனல் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் இரட்டை வழியாகப் பயன்படுத்தும் முறை) முழுவதும் போய்விடாது. இன்டெல் போர்டுகளில் இரண்டிலிருந்தும் 8 ஜிபி வீதம் இரட்டை வழியாகவும், மிஞ்சிய 8 ஜிபி ஒற்றை வழியாகவும் இயங்கும். இப்போது ஒரே ரேமுடன் நொடிக்கு 19.2 ஜிபி என்றிருக்கும் தரவுப் போக்குவரத்தின் உச்ச அளவு, இரட்டை வழியில் 38.4 ஜிபி ஆகிறது. உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் படத்தைத் திரையில் வரைவதற்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது என்பதால், அளவு கூடுவதோடு இந்த ஆதாயமும் சேரும்.

ஸ்லாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் கேபினெட்டுக்குள் எவ்வளவு புழுதியைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த ஸ்லாட்டை புளோயரால் ஊதாமல் ரேமைச் செருகாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதல் முறை இயக்கும்போது திரை வருவதற்கு நேரமாகலாம், கணினி தானே ஒருமுறை அணைந்து எழவும் கூடும். புதிய ரேமைப் பழக்கிக்கொள்ளும் வேலை அது.

என் கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு ரேமும் ஒத்துப்போகாமல் கணினி எழவே மறுத்தால் அது நல்லது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுந்து, விண்டோஸும் வந்து, 24 ஜிபி என்று காட்டி, அதன்பின் எப்போதாவது ஒரு பிட் மாறிப்போவதுதான் ஆபத்து. ஜிப் கோப்பு பிரியாது, நேற்றுச் சேமித்த கோரல் கோப்பு இன்று திறக்காது, வாரத்துக்கு ஒருமுறை நீலத்திரை வரும். ரேமின் மேல் எவருக்கும் சந்தேகம் வராது, விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்கள். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் இது நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வீர்கள்?

ஆகையால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கி, நான்கு சுற்று முடியும்வரை விட்டுவிடுங்கள். இலவச மென்பொருள்தான், 24 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அதைப் பிழையாகவே கொள்ளுங்கள். 'ஒண்ணுதானே' என்று விட்டுவிடக் கூடாது.

பிழை வந்தால் பயாஸில் வேகத்தை 2133-க்கு இறக்கி மறுபடியும் சோதியுங்கள். அதில் சுத்தமாக ஓடினால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கும் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். தனியாகவும் பிழை காட்டும் ரேம் பழுதானது. தனித்தனியே நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை வருமானால், புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு 8 ஜிபி அடங்கிய ஜோடிப் பெட்டியாக வாங்குங்கள். ஜோடியாக வருபவை தொழிற்சாலையிலேயே சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. இந்தக் காரணத்துக்காகத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.