வெளிநாட்டில் வாழ்ந்தபோது குடும்பத்தோடு போன மலையேற்றங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

பினாங்கு மலையில் ‘எண்பத்துநாலு’ என்று ஓர் இடம். ரயிலில் மலைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. நடந்து ஏறினால்தான் கண்ணில் படும்.

எனக்கு ஊர் காரைக்குடி. 2009 முதல் 2016 வரை பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எங்க ஐயாவும் (தாத்தா) அந்தக் காலத்தில் அதே தீவில் கிட்டங்கியில், அதாவது நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய கட்டடத்தில் இருந்து, மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பியவர்தான். அவர் கொண்டுவந்த மங்குச் சாமான்கள் (எனாமல் பாத்திரங்கள்) இன்னும் வீட்டில் இருக்கின்றன. அவர் அங்கே மலை ஏறினாரா என்று யாரும் கேட்டதில்லை. கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவருக்கு மலையில் என்ன வேலை!

நாங்கள் ஏறினோம். கேமரன் மலைக்கும் போனோம்; தாப்பாவிலிருந்து மேலே போகும் வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தது, மூன்று நாளும் மழை, என் காலில் ஓர் அட்டை. அவ்வளவுதான் நினைவு. 4,095 மீட்டர் கினபாலுவுக்கு ஆபீஸ் நண்பர்களோடு போனேன், அது இந்தக் கேள்வியில் சேராது.

2012 தைப்பூசத்துக்கு ஆத்தா (என் அம்மா) ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அப்போது அவர்களுக்கு 66 வயது. நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னால் தண்ணீர்மலைக் கோவில் வரை நடந்தார்கள். 1894-இல் ஊரிலிருந்து கப்பலில் போன ரதம் அது. வழியெல்லாம் சீனர்கள் சாக்குச் சாக்காகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து, “நம்ம ஊர்ல கூட இவ்வளவு உடைக்க மாட்டாகடா” என்று வாயில் கை வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போகலாம் என்றேன். ரயில் இருக்கிறது, 1923-இலிருந்தே ஓடுகிறது, இப்போது புதுப் பெட்டி, சில நிமிஷத்தில் மேலே போய்விடலாம் என்று எடுத்துச் சொன்னேன். ஆத்தா கேட்டது ஒன்றுதான்.

“மேல என்ன சாமி?”

“முருகன் கோவில் இருக்கு ஆத்தா.”

“அப்ப விஞ்சு எதுக்கு? பழனியிலயே நான் விஞ்சுல ஏறுனதில்ல.”

குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு பதினோரு முறை நடந்தவர்களிடம் வாதாட முடியாது. காலை ஆறரைக்குத் தாவரவியல் பூங்கா அருகே இருக்கும் மூன் கேட் வளைவிலிருந்து கிளம்பினோம். படி, வேர், பாறை, மறுபடி படி. பையனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளைப் பார்த்து இருவரும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றார்கள். நான் நின்றது மூச்சு வாங்க. குரங்கு பார்ப்பதாகக் காட்டிக்கொண்டேன். ஆத்தா நிற்கவில்லை. வேகமும் இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே சீரான நடை. பாதயாத்திரைக்காரர்கள் நடை அது, வேறு யாருக்கும் வராது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறியபின் காட்டுப்பாதை ஜீப் ரோட்டில் போய்ச் சேரும். அங்கேதான் எண்பத்துநாலு. ஒரு கொட்டகை, பெஞ்சுகள், ஒரு பெரிய பாத்திரத்தில் சூடான தேநீர். நடந்து வருகிற உள்ளூர் ஆட்களே போட்டு வைப்பது. விலை கிடையாது, உண்டியல் இருக்கும், மனசிருந்தால் போடலாம். ஆத்தா அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். “இது நம்ம தண்ணிப் பந்தல்டா” என்றார்கள்.

பக்கத்தில் ஆத்தா வயதிருக்கும் ஒரு சீன அம்மாள், தோளில் துண்டு, கையில் ஊன்றுகோல். ஆத்தா பையிலிருந்து சீப்புச் சீடை டப்பாவைத் திறந்து நீட்டினார்கள். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அதன் கோடுகளைப் பார்த்து, கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு தன் பையிலிருந்து உரித்த பம்பளிமாஸ் சுளைகளை ஆத்தா உள்ளங்கையில் வைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆத்தா தமிழில், அவர் ஹொக்கியனில். முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பேசியதால் பேச்சு மூட்டுவலி பற்றித்தான் என்று புரிந்தது. இருபது நிமிஷம் ஓடியிருக்கும். நான்தான் கிளப்ப வேண்டியதாயிற்று.

அங்கிருந்து மேலே தார்ச் சாலைதான், ஆனால் செங்குத்து. உச்சியில் முருகன் கோவிலும் பள்ளிவாசலும் அருகருகே. சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது ரயிலில் இறங்கினோம். “ஏறத்தான் நடக்கணும், எறங்க நடக்கணும்னு யாரு சொன்னா” என்றார்கள் ஆத்தா. வரிசையில் நின்றதுதான் ஏறியதைவிட அலுப்பு.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ‘எண்பத்துநாலு’ ஒரு சொல்லாகிவிட்டது. கார் பயணத்தில் டீக்கடை, மதிய வெயிலில் மரத்தடி, எல்லாம் எண்பத்துநாலுதான். ஊருக்கு வந்த பிறகும் மாறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் முதல்முறையாக என்னோடு பழனிக்கு நடந்தாள். சிங்கம்புணரி தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம். ரோட்டோரப் பந்தலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் டம்ளரை வாங்கிக்கொண்டே வீடியோ காலில் ஆத்தாவுக்குக் காலைக் காட்டினாள்.

“எண்பத்துநாலுல இருக்கேன் அப்பத்தா.”

ஆத்தா கொப்புளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “உடைச்சிறாத. வேப்பெண்ணெய் வாங்கித் தடவு. இன்னும் நத்தமே வரல.”