ரீச்சரிடம் கேளுங்கள்: ஒரு பவுணில் எத்தனை அணு?

கேள்வி: மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். கறியுப்பு ஒரு சேர்வை என்று புத்தகத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய பைக்கற்றில் 'அயடின் சேர்த்தது' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இது கலவைதானே என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: மகள் சொல்வது சரி. புத்தகமும் சரி. புத்தகம் சோடியம் குளோரைட்டைப் பற்றிப் பேசுகிறது. பைக்கற்றுக்குள் அதனோடு மிகச் சிறிதளவு பொற்றாசியம் அயடேற்றும் கொஞ்சம் ஈரமும் வேறு உப்புகளும் இருக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு வரைவிலக்கணத்தைப் பாடமாக்கச் சொல்லித் தொந்தரவு கொடுக்காதீர்கள் அம்மா. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், சில வேளை தீயும் பிடிக்கும். அதனால் ஆய்வுகூடத்தில் அதை எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். குளோரின் பச்சை கலந்த மஞ்சள் நிற நச்சு வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜேர்மன் படை திறந்துவிட்டது இதைத்தான். இந்த இரண்டும் சேர்ந்த பொருளைத்தான் நாம் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். சேர்வை உண்டானதும் மூலகங்களின் பழைய குணம் போய்விடும். சேரும் விகிதமும் மாறாது. புத்தளத்து உப்பில் பார்த்தாலும் ஆனையிறவு உப்பில் பார்த்தாலும் 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின்தான். கலவையில் அப்படிக் கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது. கடல்நீரில் உப்பு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அது கடல்நீர்தான்.

உப்பளத்தில் நடப்பதைச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நன்றாக விளங்கும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைட்டு. வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று படியும், பிறகு கல்சியம் சல்பேற்று. அந்தப் பாத்திகளைத் தாண்டி அடுத்த பாத்திக்கு நீரை விட்ட பிறகுதான் நமக்கு வேண்டிய உப்பு பளிங்காகிறது. மகனீசிய உப்புகள் கடைசிவரை கசப்பு நீரில் கரைந்தே கிடக்கும். அள்ளிய உப்பைக் குவித்துவைப்பதும் ஒட்டியிருக்கும் அந்த நீர் வடிந்து போகத்தான். சரியாக வடியாத உப்பு மழைக்காலத்தில் போத்தலுக்குள் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது மகனீசியம் குளோரைட்டு. இந்தப் பிரிப்பு முழுவதிலும் ஒரு சேர்வைகூட உடைக்கப்படவில்லை. கலவையை வெயிலாலேயே பிரித்துவிடலாம். சோடியம் குளோரைட்டிலிருந்து சோடியத்தைப் பிரிக்க வேண்டுமானால் அதை உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. 'உப்பின் ஒரு மூலக்கூறு' என்று பரீட்சையில் எழுதவிட வேண்டாம். அங்கே மூலக்கூறு இல்லை. மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளான சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பளிங்கு முழுவதும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: குளோரினின் சார் அணுத்திணிவு 35.5. அணுவுக்குள் அரை நியூத்திரன் இருக்குமா ரீச்சர்? (11ஆம் ஆண்டு மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: இராது தம்பி. எல்லாக் குளோரின் அணுவிலும் 17 புரோத்தன் இருக்கும். அந்த 17தான் அதைக் குளோரின் ஆக்குகிறது. நியூத்திரன் சிலவற்றில் 18, சிலவற்றில் 20. இரண்டையும் கூட்டினால் வரும் திணிவெண் ஆகவே 35 அல்லது 37. இவை இரண்டும் சமதானிகள். இயற்கையில் முன்னது ஏறக்குறைய மூன்று பங்கு, பின்னது ஒரு பங்கு. மூன்று 35ஐயும் ஒரு 37ஐயும் கூட்டி நாலால் பிரித்துப் பாரும். அந்தச் சராசரிதான் சார் அணுத்திணிவு. 35.5 திணிவுள்ள தனி அணு ஒன்றை எவரும் கண்டதில்லை.

கேள்வி: மூல் கணக்குகள் செய்வேன், விடையும் வரும். ஆனால் 6.022 × 10²³ என்ற இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது என்று ரியூசனில் கேட்டால் 'அதைப் பாடமாக்குங்கோ' என்கிறார்கள். (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: ரியூட்டில் ஒரு வரியில் போட்டுவிட்டுப் போகிற விஷயம் இது. எனக்கோ இதைவிட அழகான பாடம் முதலாம் வருடத்தில் இல்லை. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

புறக்கோட்டை இரும்புக் கடையில் ஆணியை எண்ணி விற்பதில்லை, நிறுத்துத்தான் தருகிறார்கள். ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் ஒரு கிலோவில் எத்தனை ஆணி என்று சொல்லிவிடலாம். அணுவிலும் செய்வது அதுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஓர் அணுவின் நிறை எவருக்கும் தெரியாது. ஐதரசன் அணு 1 என்றால் காபன் 12, ஒட்சிசன் 16 என்ற ஒப்பீடு மட்டும் கைக்கு வந்திருந்தது. அதுவே போதுமாயிருந்தது. அந்த எண்களை அப்படியே கிராமில் நிறுத்து எடுத்தால், 1 கிராம் ஐதரசனிலும் 12 கிராம் காபனிலும் 16 கிராம் ஒட்சிசனிலும் சம எண்ணிக்கையான அணுக்கள் இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று பிற்காலத்தில் அளந்தபோது வந்ததுதான் உங்கள் கோணல் எண். அத்தனை துணிக்கைகள் சேர்ந்ததுதான் ஒரு மூல்.

ஆகவே அது கிராமைப் பொறுத்த எண். பிரெஞ்சுக்காரர் கிராமுக்குப் பதிலாக நம்முடைய 8 கிராம் பவுணை அலகாக வைத்திருந்தால் நீங்கள் 4.8 × 10²⁴ என்று பாடமாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணுக்குப் பெயர் கொடுத்த அவகாதரோ சட்டம் படித்த இத்தாலியர். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு என்று 1811இல் எழுதினார். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. நெடுங்காலம் அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்தவரும் இல்லை. 1860இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டில் இத்தாலியரான கனிசாரோ அதை எடுத்துப் பேசினார். அவகாதரோ இறந்து நாலு வருடமாகியிருந்தது. இந்த எண்ணுக்கு அவருடைய பெயரை வைத்தவர் பிரெஞ்சுப் பௌதிக அறிஞர் பெரன், 1909இல். 2019 மே 20 முதல் மூலின் வரைவிலக்கணமே மாறிவிட்டது. சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள் ஒரு மூல், அவ்வளவுதான். முன்பு இருந்த '12 கிராம் காபன்-12' இப்போது வரைவிலக்கணத்தில் இல்லை. பழைய ரியூட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இனி எண்ணின் பருமன். ஒரு மூல் தண்ணீர் 18 கிராம், அதாவது 18 மில்லிலீற்றர், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. அதிலுள்ள மூலக்கூறுகளை உலகத்திலுள்ள 800 கோடிப் பேரும் ஆளுக்கு விநாடிக்கு ஒன்றாக, நித்திரை கொள்ளாமல் எண்ணினால் முடிய ஏறக்குறைய 24 இலட்சம் வருடம் பிடிக்கும். செட்டியார் தெருவில் வாங்கிய 22 கரட் நகை ஒரு பவுண் என்று வையுங்கள். 24இல் 22 பங்குதான் தங்கம், மிச்சம் செப்பும் வெள்ளியும். 8 கிராமில் தங்கம் 7.33 கிராம். தங்கத்தின் சார் அணுத்திணிவு 197. பிரித்தால் 0.037 மூல். அவகாதரோ எண்ணால் பெருக்கினால் 2.2 × 10²² தங்க அணு. ஒரு மூல் தங்கம் வேண்டுமென்றால் 197 கிராம் வாங்க வேண்டும், இன்றைய விலையில் நான் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெருக்கலில் இல்லை. 'ஒரு மூல் ஒட்சிசன்' என்று எழுதுவார்கள். எந்தத் துணிக்கையில் ஒரு மூல்? ஒட்சிசன் அணு என்றால் 16 கிராம். காற்றிலுள்ளது போல் இரண்டணு மூலக்கூறு என்றால் 32 கிராம். துணிக்கையின் பெயரை எழுதாமல் மூல் என்று எழுதவே வேண்டாம்.

கேள்வி: மரைன் டிரைவில் எங்கள் தொடர்மாடி. யன்னல் கம்பிகள் துருப்பிடித்துத் தேய்ந்துகொண்டு போகின்றன. துருப்பிடித்தால் இரும்பின் நிறை கூடும் என்கிறான் பேரன். கம்பி மெலிகிறதே, எப்படிக் கூடும்? (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வெள்ளவத்தை)

பதில்: உதிர்ந்த துருவையும் சேர்த்துக் கூட்டி நிறுத்துப் பாருங்கள் ஐயா, பேரன் வெல்வான். 112 கிராம் இரும்பு முழுவதும் ஒட்சைட்டானால் 160 கிராம் வரும். கூடிய 48 கிராமும் காற்றிலிருந்து வந்த ஒட்சிசன். துருவில் நீரும் பிணைந்திருப்பதால் உண்மையில் இன்னும் கூட.

உலோகத்தைக் காற்றில் சுட்டால் நிறை கூடுவது ஏன் என்று தராசை வைத்துத் தீர்த்துக்காட்டியவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் லவோசியே. மூடிய பாத்திரத்தில் செய்தால் மொத்த நிறை மாறாது என்றும் காட்டினார். வரி வசூலிக்கும் கம்பனியில் பங்காளி, கணக்கில் கறார். அந்த வரி வசூலே பிரெஞ்சுப் புரட்சியில் அவருக்கு வினையாகி 1794 மே மாதம் தலையை வெட்டிவிட்டார்கள். 1789இல் அவர் வெளியிட்ட 33 மூலகங்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இருந்தன!

உங்கள் யன்னல் விரைவாகத் துருப்பிடிக்கக் காரணம் கடற்காற்றில் வரும் உப்பு. ஈரத்தில் உப்புக் கரைந்தால் மின் நன்றாகக் கடத்தப்படும், துருவேறுவதற்கு அது உதவி. சுரண்டித் துடைத்துவிட்டுப் பூச்சுப் பூசுங்கள். துருவுக்கு மேலேயே பூசினால் காசு வீண். மாற்றுவதென்றால் நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி நல்லது. பூச்சில் கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

கேள்வி: வன்னமிலம் என்றால் செறிந்த அமிலம்தானே? குளியலறை கழுவ எது பாவிக்கலாம்? (வாசகி, தெஹிவளை)

பதில்: இல்லை, இரண்டும் வேறு வேறு. ஒரு லீற்றரில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பதைச் சொல்வது செறிவு. கரைந்ததில் எவ்வளவு பங்கு அயனாகிறது என்பதைச் சொல்வது வன்மை. நம் இரைப்பையில் இருப்பது ஐதரோக்குளோரிக்கமிலம், வன்னமிலம்தான், ஆனால் ஐதானது. களுத்துறை, கேகாலைப் பக்கம் இறப்பர்ப் பாலைத் திரைய வைக்கப் போமிக்கமிலம் ஊற்றுவார்கள். அது மென்னமிலம், ஆனால் செறிவாகத் தோலில் பட்டால் நன்றாகப் பொசுக்கிவிடும். 'மென்' என்ற எழுத்தைப் பார்த்துக் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள். வினாகிரியில் உள்ளதும் மென்னமிலம்தான், அங்கே அது நூற்றுக்கு நாலைந்து பங்கு மட்டும்.

குளியலறைக்கு அமிலம் பாவிக்கலாம், பிளீச்சும் பாவிக்கலாம், ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றக்கூடாது. பிளீச்சில் சோடியம் ஐப்போகுளோரைட்டு உண்டு. அமிலம் பட்டால் நான் மேலே சொன்ன அதே குளோரின் வாயு வரும். நம் தொடர்மாடிக் குளியலறைகள் எவ்வளவு சிறியவை என்று உங்களுக்குத் தெரியும். தற்செயலாகக் கலந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிளீச்சை அமோனியா கலந்த திரவத்தோடும் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: 'இரசாயனம் இல்லாத தேங்காயெண்ணெய்' என்று விளம்பரம் போடுகிறார்களே? (வாசகர், மட்டக்குளி)

பதில்: எண்ணெயே இல்லாத போத்தலாக இருக்கலாம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக்கமிலம், அதுவும் இரசாயனம்தான். 1828இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் வோலர் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிய யூரியாவுக்கும் சிறுநீரில் உள்ள யூரியாவுக்கும் மூலக்கூறில் வித்தியாசம் கிடையாது. எண்ணெயில் வேறென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரக்காரர் அதற்குப் பதில் சொல்லட்டும்.

கேள்வி: 118 மூலகங்களையும் பாடமாக்க வேண்டுமா? (10ஆம் ஆண்டு மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: வேண்டாம் பிள்ளை. சாதாரண தரத்துக்கு முதல் 20 போதும். அவற்றையும் ஒரே நீளப் பாட்டாகப் படிக்காமல் நிரல் நிரலாக எழுதிப் பழகுங்கள். இலிதியத்துக்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொற்றாசியம். மூன்றும் தண்ணீரில் ஒரே மாதிரி நடக்கும், கீழே போகப் போக வேகம் கூடும். ரஷ்ய இரசாயன அறிஞர் மெண்டலீவ் 1869இல் மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையைப் போட்டபோது இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அடுக்கினார். பொருந்தாத இடத்தை வெறுமையாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு வரப்போகிற மூலகத்தின் அடர்த்தி 5.9 ஆக இருக்கும் என்றும் எழுதினார். 1875இல் பிரான்சில் அந்த மூலகம், கலியம், கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் அளந்தபோது 4.7 வந்தது. மாதிரியைச் சுத்தமாக்கி மறுபடி அளக்கச் சொன்னார் மெண்டலீவ். அவர் அளந்தார், 5.9 வந்தது.