சின்ன வீட்டுக்குள் ஒரு விறகடுப்பு

வணக்கம் அக்கா,

நிலாவெளியில் அப்பாவின் காணியில் 12 அடிக்கு 16 அடியில் ஒரே அறை வீடு கட்டுகிறோம். கல்லுச் சுவர், தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். மூலையில் முன்பக்கம் திறந்த இரும்பு விறகடுப்பு வைக்க ஆசை. மாரி மழைக்கு இதமாக இருக்கும், சமைக்கவும் உதவும். அடுப்பின் வாய் 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம். வெல்டிங் கடையில் 4 அங்குல பைப் போதும், சுவரால் வளைத்து வெளியே விடலாம் என்கிறார்கள். சரிவருமா?

வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

அந்த 4 அங்குல பைப்பை வாங்கிவிடாதீர்கள்.

கதவு வைத்த அடுப்பு என்றால் சின்ன பைப் சமாளிக்கும். திறந்த அடுப்பு அப்படியில்லை. வாய் முழுவதாலும் அறைக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவும் புகையோடு சேர்ந்து பைப்பால் மேலே போக வேண்டும். அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது பைப்பின் உட்பரப்பு இருக்க வேண்டும் என்பது புகைக்கூடு கட்டுபவர்களின் கணக்கு. நீங்கள் சொல்லும் வாய் 432 சதுர அங்குலம். 4 அங்குல பைப்புக்கு உட்பரப்பு பன்னிரண்டரைதான். மிச்சப் புகை உங்கள் அறைக்குள்தான் நிற்கும்.

வாயை 18க்கு 15 ஆகக் குறையுங்கள். 270 சதுர அங்குலம் வரும். 6 அங்குல பைப்புக்கு 28 இருக்கிறது, போதும். 24 அங்குல அகலம்தான் வேண்டும் என்றால் 8 அங்குல பைப் போட வேண்டும். அவ்வளவு பெரிய நெருப்பு அந்த அறைக்கு வேண்டாம்.

சுவரால் வளைப்பதைப் பற்றி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2022இல் காஸ் கிடைக்காத மாதங்களில் பின்பத்தியில் ஓர் அடுப்புக் கட்டினோம். வேலை செய்தவர் பைப்பை இரண்டு இடத்தில் செங்கோணமாக மடக்கி, தாழ்வாரத்துக்குக் கீழே விட்டுவிட்டார். கச்சான் காற்று அடித்த நாட்களில் ஓரளவு இழுத்தது. வாடை தொடங்கியதும் புகை திரும்பி உள்ளே வந்தது. அம்மா இரவிரவாக இருமினார். மடிப்புகளைக் கழற்றி, பைப்பை நேராகக் கூரைக்கு மேலே எடுத்த பிறகுதான் அது நின்றது. சூடான புகைக்கு நேர்வழியும் உயரமும் வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே போகட்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும் விட 2 அடி உயர்ந்திருக்கட்டும். அப்புறம், மழைமூடி வைக்கும்போது பைப்பின் வாயோடு ஒட்டி வைக்காமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பலகை சீலிங்தான் எனக்குப் பயம். ஒற்றைத் தகட்டுப் பைப்புக்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலமாவது இருக்க வேண்டும். சீலிங்கைத் தாண்டும் பகுதிக்கு, நடுவில் வெப்பம் தாங்கும் பஞ்சு அடைத்த இரட்டைச் சுவர்ப் புகைக்கூடே வேண்டும், அதைச் செய்த கம்பனி சொல்லும் இடைவெளியோடு. விலை கூடத்தான். ஆனால் அந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடற்கரை பக்கத்தில் இருப்பதால் இன்னொன்று. கடலில் மிதந்து கரை ஒதுங்கிய மரத்தை எரிக்க வேண்டாம். அதில் ஊறிய உப்பு எரியும்போது பைப்பை உள்ளிருந்து அரிக்கும், புகையும் நஞ்சு. நன்றாகக் காய்ந்த விறகு மட்டும்.

இதைவிடப் பெரிய கவலை மாரி இரவுகள். மழைச் சாரலுக்குக் கதவு யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தணல் கிடக்கட்டும் என்று படுத்துவிடுவோம். தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, மூட முடியாத காற்றுத் துவாரம் ஒன்று இப்போதே வைக்கச் சொல்லுங்கள். பூச்சிக்கு வலை அடிக்கலாம், பலகை போட்டு அடைக்கக் கூடாது. துவாரம் இருந்தாலும் தணலை வெளியே எடுத்து அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். புகை இழுக்கும் மின்விசிறியும் அந்த அறையில் வேண்டாம், அது புகைக்கூட்டுப் புகையையே கீழே இழுத்துவிடும்.

என் விருப்பத்தைக் கேட்டால், அடுப்பை வீட்டுக்குள் வைக்காமல் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கி, அங்கே செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டுவேன். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்த அறைக்குள் நெருப்பு மூட்டவே முடியாது, வெக்கை அப்படி. மாரிக்குப் பத்தியில் உட்கார்ந்தாலும் நெருப்பின் இதம் கிடைக்கும்.

உள்ளேதான் என்று முடிவு செய்தால், கூரை உச்சி எத்தனை அடி, பக்கத்தில் தென்னையோ தண்ணீர்த் தாங்கியோ எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். மேசன் தகரத்தை வெட்டுவதற்கு முன் பைப்பின் உயரத்தைச் சேர்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா