பனிப்போர்க் காலத்தில், கம்யூனிசம் பரவிவிடுமோ என்ற பயம் சாதாரண அமெரிக்கர்களையும் பாதித்ததா?

நன்றாகவே பாதித்தது. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் போட்ட உத்தரவால் மத்திய அரசு ஊழியர்கள் அனைவரின் தேச விசுவாசமும் சோதிக்கப்பட்டது. யாரோ கொடுத்த புகாருக்காக விசாரணைக் குழு முன் நிற்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்று பல நேரம் சொல்லவே மாட்டார்கள். இதைத்தான் பெரிய கொடுமையாக நினைக்கிறேன். யாரென்றே தெரியாதவருக்கு என்ன பதில் சொல்வது?

பள்ளிப் பிள்ளைகள் சோவியத் அணுகுண்டுக்குப் பயந்து மேசைக்கடியில் பதுங்கிப் பழகினார்கள். சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணிகூட, பெயரில் சிவப்பு இருக்கிறதே என்று 1953-இல் ரெட்லெக்ஸ் ஆனது.

அப்புறம் வெளியுறவு. அங்கும் இதே பயம்தான். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த ஜனாதிபதி அர்பென்ஸின் ஆட்சியை 1954-இல் கவிழ்த்ததில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் கை இருந்தது. அவர் தேர்தலில் வென்று வந்தவர். அந்த நாட்டில் 1960-இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996-இல்தான் முடிந்தது.